இருளாவது தன்னைக் காட்டும்

பிறர் எழுதிய ஒன்றில் ஒரு புள்ளியைச் சேர்க்க எனக்கு என்ன உரிமை? கருத்தைத் தொடவில்லை, வரிகளை நேராக்கினேன், விட்டுப்போன ஒற்றைப் போட்டேன், நீண்டு கிடந்ததைப் பத்தி பிரித்தேன், அவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் இன்று எங்கும் இருக்கிறார்கள். நானும் அந்த வேலையில் பிழைத்தவன்தான். கடலூரில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் காலத்தில் காலி புரூஃப் படிக்க உட்கார்ந்தேன். கணினி வந்த பிறகும் அதே நாற்காலியில்தான் இருந்தேன். என் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் சமய நூல்கள்: தேவாரத் திரட்டு, தலபுராணம், கும்பாபிஷேக மலர், சன்மார்க்க சங்க வெளியீடு. அடியார்களின் வாக்கைத் திருத்துகிற வேலை. அதனால் இதை வெறும் நாகரிகம் சம்பந்தப்பட்ட விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை. சொல்லுக்கு உடம்பு வேறு, உயிர் வேறா? உடம்பைத் தொட்டுவிட்டு உயிரைத் தொடவில்லை என்று ஒருவர் சொல்ல முடியுமா? இது சமயத்தின் நடுவில் இருக்கிற கேள்வி.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு. வள்ளலாரின் பாடல்களை அச்சேற்ற வேண்டும் என்று இறுக்கம் இரத்தின முதலியார் பல ஆண்டுகள் மன்றாடினார். பாடல்கள் கைக்கு வரும்வரை ஒரு வேளைதான் உண்பேன் என்று விரதம் இருந்தார் என்று வரலாறு சொல்கிறது. கடைசியில் வள்ளலார் இசைந்தார். அந்தச் சமயத்தில் முதலியாருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தம் பெயரோடு ‘சாமி’ என்று சேர்த்து வழங்குவது தமக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று தெரிவித்தார். இரண்டே எழுத்து. மரியாதைக்காகச் சேர்ப்பது. பாடலில் ஓர் அசைகூட மாறப்போவதில்லை. இன்றைக்கு நாம் சின்ன ஒழுங்கு என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. அதைத்தான் அவர் வேண்டாம் என்றார்.

1867இல் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. ‘சாமி’ இல்லை. ஆனால் பதிப்பித்த மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் ஆசிரியருக்குத் ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று பெயர் கொடுத்தார். நூலுக்குத் ‘திருவருட்பா’ என்று பெயர் வைத்தார். பாடல்களைத் திருமுறைகளாக வகுத்தார். இந்த மூன்றும் பாட்டுக்கு வெளியே நிற்பவை. தலைப்பு, பெயர், வரிசை. பாட்டின் உள்ளே அவர் கை வைக்கவில்லை. ஆனால் சைவர்களுக்குத் திருமுறை என்றால் பன்னிரண்டுதான். அருட்பா என்ற பெயரும் தேவார மூவர் முதலானோர் பாடல்களுக்கு உரியது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். 1869இல் அது மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. நான் வேலை பார்த்த தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது அந்த இடம். வள்ளலாரும் நாவலரும் மறைந்த பிறகும் சண்டை ஓயவில்லை. அடுத்த நூற்றாண்டில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் மறைமலையடிகள் மறுபக்கமும் நின்று வாதிட்டார்கள். அச்சிட்ட கண்டனங்கள் மட்டுமே ஒரு தடித்த தொகுதி ஆகும். சண்டைக்கு வேறு காரணங்களும் இருந்தன. சாதியும் கோயில் அதிகாரமும் அதில் கலந்திருந்தன. ஆனாலும் பற்றிக்கொண்ட இடம் தலைப்புப் பக்கம்.

தொழுவூராரை நான் குறை சொல்ல மாட்டேன். அன்பு மிகுந்தால் கை அப்படித்தான் போகும். அவர் செய்த ஒரு காரியம் அவர் பக்கம் நிற்கிறது. ‘திருவருட்பா வரலாறு’ என்று பாட்டாகவே எழுதி அதே நூலில் சேர்த்தார். பாடல்கள் எப்படிக் கிடைத்தன, எப்படி வகுக்கப்பட்டன என்பதைத் தம் பெயரில் சொன்னார். வகுப்பு தம்முடையது என்று மறைக்கவில்லை. அதனால்தான் பிற்காலத்தில் ஊரன் அடிகள் அந்த வகுப்பைத் தள்ளிவைத்து, பாடப்பட்ட கால வரிசையில் 1972இல் இன்னொரு பதிப்புக் கொண்டுவர முடிந்தது. எது வள்ளலார் கை, எது மாணவர் கை என்று பிரித்துப் பார்க்க வழி இருந்தது. நான் பிடித்துக்கொண்டிருக்கும் இழை இதுதான். திருத்தம் சிறிதா பெரிதா என்பதைவிட, திருத்தியவர் கை தெரிகிறதா என்பதே எனக்கு முக்கியம்.

ஏன் முக்கியம் என்பதை உமாபதி சிவாசாரியாரிடம் கற்றேன். திருவருட்பயன் பதினான்காம் நூற்றாண்டு நூல். நூறு குறள். அதில் இருள்மல நிலை என்று ஓர் அதிகாரம் உண்டு, ஆணவத்தைப் பற்றியது. அங்கே அவர் இருளையும் ஆணவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இருட்டு மற்றப் பொருள்களை மறைக்கும். ஆனால் தான் இருட்டு என்பதை மறைக்காது. அறைக்குள் நுழைகிறவனுக்கு இருட்டாக இருக்கிறது என்றாவது தெரியும், விளக்கைத் தேடுவான். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைத்துக்கொள்ளும். அதனால் அதற்குள் இருப்பவனுக்கு விளக்கு வேண்டும் என்றே தோன்றாது.

இந்தக் குறளை மெய்ப்புத் திருத்தும் மேசையில் வைத்துப் பாருங்கள். அச்சுப் பிழை இருட்டுப் போன்றது. சரியான பாடத்தை மறைக்கிறது. ஆனால் ‘நான் பிழை’ என்று தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. வாசகர் தடுமாறுகிறார், ஏதோ சரியில்லை என்கிறார், மூலத்தைத் தேடுகிறார். சொல்லாமல் செய்த திருத்தம் அப்படியல்ல. எழுதியவர் எழுதியதையும் மறைத்துவிட்டது, திருத்தம் நடந்ததையும் மறைத்துவிட்டது. வரி வழவழப்பாக இருக்கிறது. யாருக்கும் தடுமாற்றம் இல்லை. தேடவும் யாரும் வரப்போவதில்லை. பிழையை விட அது ஆழமாகக் கெடுக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தத் திருத்தம் சரியாகவே இருந்தாலும் இதுதான் என் முடிவு.

என் பெரியம்மாவின் நோட்டு விஷயத்தில் இதைக் கண்ணால் கண்டேன். திருப்பாதிரிப்புலியூரில் வாழ்க்கைப்பட்டவர். பாடலீசுவரர் கோயில் பெரியநாயகி அம்மன் மேல் கும்மியும் ஊஞ்சல் பாட்டும் கட்டுவார். அஞ்சாம் வகுப்புப் படிப்பு. கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘உ’ என்று பிள்ளையார் சுழி போட்டுத்தான் தொடங்குவார். முற்றுப்புள்ளி வைக்க மாட்டார். மூச்சு விட வேண்டிய இடத்தில் சாய்வாக ஒரு சின்னக் கோடு இழுப்பார். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் என் அக்காள்கள் கும்மியில் காலை மாற்றினார்கள்.

அவர் காலமானபின் குடும்பத்தார் நினைவு மலர் ஒன்று போட்டார்கள். தயாரித்தவர் நல்ல மனத்தோடுதான் செய்தார். ‘உ’ ஏதோ தவறி விழுந்த எழுத்து என்று எல்லாப் பாட்டிலும் எடுத்துவிட்டார். சாய்ந்த கோடுகள் அச்சில் அழகாக இல்லை என்று நீக்கினார். வரிகளைச் சேர்த்து உரைநடை மாதிரி நிரப்பினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மனைப் பெரியம்மா ‘வாடி’ என்றும் ‘கேளடி’ என்றும் கூப்பிட்டிருந்ததை ‘வாருங்கள் தாயே’ என்று மாற்றினார். தெய்வத்தைப் போய் ‘டி’ போட்டுப் பேசுவதா என்ற கூச்சம்.

அந்த ‘வாடி’யில்தான் பெரியம்மாவின் முழுச் சமயமும் இருந்தது. குழந்தை பிழைக்காத வருஷத்திலும் பெரியப்பா படுத்த படுக்கையாய்க் கிடந்த நாளிலும் அவர் போய் நின்று சண்டை போட்ட அம்மன் அவள். ‘வாருங்கள்’ என்று சொல்ல வேண்டிய தூரம் அவர்களுக்கு இடையே ஒரு நாளும் இருந்ததில்லை. மரியாதை சேர்த்ததால் உறவு போய்விட்டது. மலரைப் படித்த பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது. பாட்டி ரொம்பப் பணிவாகக் கும்பிட்டிருக்கிறார் என்றே நினைப்பார்கள். பொருளும் மறைந்தது, மறைந்ததும் மறைந்தது.

அப்படியானால் எதையும் தொடக் கூடாதா? பழைய ஏட்டில் புள்ளி கிடையாது. எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். கால் எது, ரகரம் எது என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. அதை அப்படியே அச்சடித்துக் கொடுத்தால் யார் படிப்பார்கள்? பதம் பிரித்துப் பெரிய எழுத்தில் போட்ட தேவாரப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சந்நிதியில் நின்று ஓதுகிற வயதான பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பதம் பிரிப்பில் என் கையும் உண்டு. அதற்காக நான் மகிழ்கிறேன். ஆகவே திருத்தவே கூடாது என்பவரோடு நான் சேர மாட்டேன்.

இந்தச் சிக்கலை முகம் கொடுத்துத் தீர்த்தவர்கள் என்று நான் மதிப்பது பழைய இசுலாமிய அறிஞர்களை. கலீபா உஸ்மான் காலத்துக் குர்ஆன் படிகளில் உயிர்க்குறிகள் இல்லை. வேறு நாட்டார் இசுலாத்துக்கு வந்தபோது தப்பாக ஓதினார்கள். ஓதல் தவறினால் பொருள் தவறும். பஸ்ராவில் அபுல் அஸ்வத் அத்துஅலீ என்பவர் குறி போட முன்வந்தார். 688இல் காலமானவர் அவர். மரபு சொல்லும் கதை இது: எழுத்தர் ஒருவரை உட்காரவைத்து, நான் வாய் திறந்து ஒலித்தால் எழுத்தின் மேலே ஒரு புள்ளி வை, தாழ்த்தி ஒலித்தால் கீழே வை என்று சொல்லிச் சொல்லி ஓதினார். கூடவே ஒரு நிபந்தனை போட்டார். மூல எழுத்து எழுதிய மையில் புள்ளி வைக்கக் கூடாது, வேறு நிற மை வேண்டும். பழைய தோல் ஏடுகளில் கறுப்பு எழுத்தைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் இன்றைக்கும் இருக்கின்றன. மதீனாவில் சில குறிகளுக்கு மஞ்சளும் வைத்தார்கள்.

அதன்பிறகும் எல்லாரும் சரி என்று சொல்லிவிடவில்லை. 795இல் காலமான இமாம் மாலிக்கிடம் இதைக் கேட்டபோது, பிள்ளைகள் படித்துப் பழகுகிற படிகளில் புள்ளி இருந்தால் குற்றமில்லை, மூலப் படிகளில் வேண்டாம் என்று விடை சொன்னதாகப் பதிந்திருக்கிறார்கள். அந்தலூசியாவில் இருந்த அபூ அம்ர் அத்தானீ, 1053இல் மறைந்தவர், புள்ளியிடுதலைப் பற்றியே தனி நூல் செய்தார். கறுப்பு மையில் புள்ளி வைப்பதை அவர் ஏற்கவில்லை. மூலத்தோடு கலந்து அதன் உருவத்தையே மாற்றிவிடும் என்பது அவர் காரணம். எவ்வளவு தெளிவான மனம்! ஓதுகிறவனுக்கு உதவி வேண்டும், அதை மறுக்கவில்லை. மூலமும் மூலமாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே அவர்கள் கண்ட வழி ஒரு நிறம்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் மேசையிலும் சிவப்பு மைப் பேனா ஒன்று, பென்சில் ஒன்று என்று இரண்டு இருக்கும். கம்பாசிட்டர் எழுத்து மாற்றிக் கோத்திருந்தால் சிவப்பில் திருத்து, அது அவருக்கு இடும் கட்டளை. ஆசிரியர் எழுதியதிலேயே சந்தேகம் என்றால் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடு, அது ஆசிரியரிடம் கேட்கும் அனுமதி. பென்சிலைச் சிவப்பாக்கும் அதிகாரம் ஆசிரியருக்குத்தான் உண்டு என்பார். மூலப்படி என்ன சொல்கிறதோ அதை அச்சில் கொண்டுவருவது என் கடமை. மூலப்படியையே மாற்றுவது என் உரிமை அல்ல. ‘அச்சிடலாம்’ என்று ஆசிரியர் கையெழுத்துப் போடும்வரை காத்திருக்க வேண்டும்.

கேள்விக்குறி போட வேண்டிய இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் இதில் கடினம். மிகச் சிறியது என்று நினைக்கிற இடத்தில்தான் மிகப் பெரியது ஒளிந்திருக்கும். லூக்கா சுவிசேஷம் 23ஆம் அதிகாரம் 43ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சிலுவையில் தொங்குகிற கள்ளனுக்கு இயேசு பரதீசை வாக்களிக்கிறார். அந்த வாக்கியத்தில் இன்றைக்கு என்ற சொல் வருகிறது. இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன் என்று அதை முன்னோடு சேர்ப்பதா, இன்றைக்கு என்னோடு இருப்பாய் என்று பின்னோடு சேர்ப்பதா? கிரேக்க மூலம் முதலில் எழுதப்பட்ட முறையில் இதைத் தீர்த்துவைக்கும் காற்புள்ளி இல்லை. பெரும்பாலான சபைகள் பின்னோடு சேர்க்கின்றன. யெகோவாவின் சாட்சிகள் தங்கள் மொழிபெயர்ப்பில் முன்னோடு சேர்க்கிறார்கள். இறந்தவன் உடனே பரதீசு போகிறானா, உயிர்த்தெழும் நாள்வரை காத்திருக்கிறானா என்பது ஒரு காற்புள்ளி விழும் இடத்தில் நிற்கிறது.

தமிழில் எழுத்துக்கூட்டலே கொள்கையாக இருப்பதுண்டு. ‘அய்யா’ என்று எழுதுகிறவர் ‘ஐயா’ எழுதத் தெரியாதவர் அல்லர். 1930களில் பெரியார் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் அதுவும் ஒன்று. தமிழக அரசு 1978இல் ஆணையிட்டபோது ணை, லை, றா போன்றவற்றை ஏற்றது, அய், அவ் இரண்டையும் ஏற்கவில்லை. அந்த எழுத்தாளரின் ‘அய்’யை ‘ஐ’ ஆக்குகிற திருத்துநர் எழுத்துப் பிழை நீக்குவதாக நினைக்கலாம். செய்வது கொள்கை நீக்கம். அதேபோல ‘ஸ்ரீ’ என்று எழுதிய வைணவப் பெரியவரின் கட்டுரையில் ‘திரு’ என்று மாற்றுவதும், ‘திரு’ என்று எழுதிய சைவரின் கட்டுரையில் ‘ஸ்ரீ’யைக் கொண்டுவருவதும் தவறு. என் சொந்த விருப்பம் ‘திரு’. அந்த விருப்பத்தை நான் எழுதுகிற தாளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக் கையை அடக்கிக்கொண்ட பெரியவர்கள் உண்டு. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சிதைந்த இடங்களைப் புள்ளிகளாக விட்டார். 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றன. அவருக்கிருந்த புலமைக்கு நாலு சீர் கட்டி இட்டு நிரப்புவது பெரிய காரியம் அல்ல. செய்திருந்தால் நம்மில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

இப்போது கண் மங்கிவிட்டது. ஆனாலும் பழைய நூல்களை இணையத்தில் ஏற்றும் விக்கிமூலத்துக்கு அவ்வப்போது மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். மூல நூலில் அச்சுப் பிழை இருந்தால் அதை அப்படியே விட்டுப் பிழை என்று அடையாளம் காட்டும் வழக்கம் அங்கே உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரையைத் திருத்திச் சேமிக்கும் இடத்தில், இது சிறு தொகுப்பு என்று குறிக்க ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பக்கத்தில் என்ன செய்தோம் என்று எழுத ஒரு வரி. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். அத்தானீ கேட்ட வேறு நிற மை இதுதான். கட்டுரை பொதுச் சொத்து, யாரும் திருத்தலாம். ஆனால் உரையாடல் பக்கத்தில் ஒருவர் தம் பெயரிட்டு எழுதிய கருத்தை மற்றவர் எழுத்துப் பிழைக்காகக்கூடத் தொடுவதில்லை என்பது நெறி. பெயரிட்டுச் சொன்ன சொல் அந்த ஆளின் நாக்கிலிருந்து வந்தது. அதன் குறையும் அவருடையது.

அந்தச் சின்னக் கட்டத்தில் அடையாளம் போடும்போது மட்டும் நான் சற்று நிதானிக்கிறேன். சிறிது என்று தீர்ப்புச் சொல்பவன் திருத்தியவனாக இருப்பது சரியில்லை. ‘சாமி’ என்ற இரண்டு எழுத்து சேர்க்கிறவருக்குச் சிறிது, வள்ளலாருக்குப் பெரிது. ‘வாடி’ மலர் தயாரித்தவருக்குக் கொச்சை, பெரியம்மாவுக்கு வழிபாடு. அளவுகோல் எழுதியவரிடம் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யலாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். இல்லாதவர் விஷயத்தில் நமக்குக் கேட்க ஆள் இல்லை. அங்கே நம் கை இன்னும் குறுக வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் எழுதிய பாட்டு நோட்டோ கடிதமோ நாட்குறிப்போ இருந்தால், அதைத் தட்டச்சு செய்யப்போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வையுங்கள். உள்ளது உள்ளபடி ஒரு படி எடுங்கள். பிள்ளையார் சுழி, கோடு, அடித்தல், கொச்சை எல்லாம் அதில் இருக்கட்டும். பிள்ளைகள் படிக்க எளிதாக்கிய படி வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்யுங்கள். எதை மாற்றினீர்கள் என்று அதன் முதல் பக்கத்திலேயே எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள்.